பயங்கரவாத ஆய்வு படிக்க எங்கே போகலாம்: செயின்ட் ஆண்ட்ரூஸ், மேரிலாண்ட், லண்டன், ஹேக், சிங்கப்பூர்

போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டாள், கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் பின்னால் படித்தவள். "அக்கா, முதுகலைக்குப் பயங்கரவாத ஆய்வு எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். செயின்ட் ஆண்ட்ரூஸ், மேரிலாண்ட், லண்டன் கிங்ஸ் கல்லூரி, லைடன், சிங்கப்பூர் ராஜரத்தினம் பள்ளி, இந்த ஐந்தும்தான் பட்டியலில் இருக்கின்றன, எது நல்லது?" என்றாள். எதைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று கேட்டேன். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

வேறு பல துறைகளில் அப்படிப் போகலாம், தப்பில்லை. இதில் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஐந்தும் ஒரே பாடத்தை ஐந்து ஊரில் சொல்லித்தரும் இடங்கள் இல்லை. எந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அதற்கு யார் பணம் தருகிறார்கள், இந்த இரண்டிலும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, தரவரிசைப் பட்டியலைப் புரட்டினால் இது எதுவும் தெரியாது. நான் இந்தத் துறையில் முதுகலை முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு தாக்குதல் தரவுத்தளத் திட்டத்தில் சம்பவங்களைப் பதிவு செய்யும் வேலை பார்த்தேன். அதனால் எண்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. அதை மனதில் வைத்து மேலே படியுங்கள்.

இடங்களுக்குப் போகும் முன் ஒரு சொல் விஷயம். தமிழ்ப் பத்திரிகைகளில் பயங்கரவாதி, தீவிரவாதி இரண்டும் ஒரே செய்தியில் மாறி மாறி வரும், தலைப்பில் ஒன்று இருக்கும், உள்ளே இன்னொன்று இருக்கும். இந்தத் துறையில் அப்படி எழுதினால் முதல் பக்கத்திலேயே பேராசிரியர் கோடு போட்டுவிடுவார். தீவிரவாதம் ஒரு நிலைப்பாடு, பயங்கரவாதம் ஒரு வன்முறை உத்தி என்று பிரித்துக்கொண்டுதான் பேச்சே தொடங்கும். அப்படிப் பிரித்த பிறகும் அந்த உத்தியை எப்படி வரையறுப்பது என்பதில் உடன்பாடு கிடையாது. அலெக்ஸ் ஷ்மிட் என்ற அறிஞர் 1980-களில் 109 வரையறைகளைத் திரட்டி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கூறுகள் என்னென்ன என்று எண்ணிப் பார்த்தார். ஐ.நா.வில் ஒரு முழுமையான ஒப்பந்தம் வேண்டும் என்று இந்தியா 1996-ல் முன்மொழிந்தது, அது இன்னும் இழுபறியில்தான் கிடக்கிறது. அதனால் ஒரு நிறுவனம் எந்த வரையறையை வைத்து வேலை செய்கிறது என்பது சின்ன விஷயமே இல்லை. அரசு செய்யும் வன்முறை அதற்குள் வருமா, ராணுவ முகாம் மீது நடக்கும் தாக்குதல் வருமா, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

சரி, செயின்ட் ஆண்ட்ரூஸ். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் சின்ன ஊர், 1413-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1994-ல் பால் வில்கின்சனும் புரூஸ் ஹாஃப்மனும் அங்கே பயங்கரவாதம், அரசியல் வன்முறை பற்றிய ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு இந்தத் துறைக்குள் பணமும் ஆட்களும் கொட்டியபோது முளைத்த மையங்கள் ஏராளம், இது அதற்கு ஏழு வருடம் முன்பே இருந்தது, அந்த வித்தியாசம் பாடத்திலும் தெரியும். நேற்றைய செய்தியிலிருந்து தொடங்க மாட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஜார் மன்னர் மீது குண்டு வீசியவர்களிடமிருந்து தொடங்குவார்கள். ஒரு இயக்கம் ஏன் வன்முறையை எடுத்தது, ஏன் ஒரு கட்டத்தில் விட்டது, அதையே ஐரிஷ் இயக்கத்திலும் ஸ்பெயினின் பாஸ்க் இயக்கத்திலும் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல இடம். வேலையில் இருந்துகொண்டே தொலைவழியில் படிக்கவும் பல வருடங்களாக அங்கே வசதி இருக்கிறது, காவல் துறையிலோ பத்திரிகையிலோ இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் புள்ளியியல் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று நினைத்தால் அங்கே போகாதீர்கள்.

புள்ளியியல் என்றால் மேரிலாண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 2005-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 12 மில்லியன் டாலரில், கேரி லாஃப்ரீ தலைமையில், 'ஸ்டார்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வுக் கூட்டமைப்பு அங்கே தொடங்கியது. அதன் பெரிய சொத்து உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், 1970 முதல் 2020 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள். இந்தத் தரவுத்தளத்தின் அடித்தளமே ஒரு தனியார் நிறுவனம் விட்டுப்போன அட்டைகள்தான். பிங்கர்ட்டன் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு எந்த நாட்டில் எவ்வளவு ஆபத்து என்று சொல்வதற்காக 1970 முதல் 1997 வரை செய்திகளைப் படித்து ஒவ்வொரு தாக்குதலையும் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பெட்டிகளை வாங்கி, மாணவர்களை உட்கார வைத்துக் கணினியில் ஏற்றினார்கள். அதில் 1993-க்கான அட்டைகள் அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டிருந்தன. இன்றைக்கும் அந்தக் கோப்பை இறக்கித் திறந்தால் 1992 முடிந்ததும் நேராக 1994 வரும், மீட்க முடிந்த கொஞ்சத்தைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறார்கள். 1993 எப்படிப்பட்ட வருடம் என்று யோசித்துப் பாருங்கள், பிப்ரவரியில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் கீழ்த்தளத்தில் குண்டு, மார்ச்சில் பம்பாய் முழுக்கத் தொடர் குண்டுவெடிப்பு. வருடவாரியாக வரைபடம் போட்டுக் கோடு இழுக்கிற எத்தனை பேர் அந்தப் பள்ளத்தைக் கவனிக்கிறார்கள்?

நான் வேலை பார்த்த திட்டம் வேறு, ஆனால் வேலை ஒன்றுதான். ஒரு நாள் எனக்கு வந்த சம்பவம் இது: காவல் நிலைய வாசலில் நிறுத்தியிருந்த வண்டியில் குண்டு வெடித்தது. முதல் செய்தியில் ஐந்து பேர் சாவு, மாலைச் செய்தியில் எட்டு, மறுநாள் ஏழு, மருத்துவமனையில் இறந்தவர்களைச் சேர்த்தார்களா இல்லையா என்று எதிலும் இல்லை. யாரும் பொறுப்பேற்கவில்லை, காவல் துறை ஒரு இயக்கத்தின் பெயரைச் சொன்னது, உள்ளூர்ப் பத்திரிகை அது கடத்தல் கும்பலின் பழிவாங்கல் என்றது. கும்பல் என்றால் இந்தச் சம்பவம் தரவுத்தளத்துக்குள்ளேயே வரக் கூடாது. இயக்கம் என்றால் வரும். ஒரே ஒரு வரிக்கு அரை நாள் போனது, கடைசியில் ஏழு என்று போட்டு, 'சந்தேகத்துக்குரியது' என்ற கட்டத்தில் ஒரு குறி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அந்தக் குறியை எத்தனை ஆய்வாளர்கள் வடிகட்டிப் பார்ப்பார்கள் என்ற கவலை இன்னும் எனக்குப் போகவில்லை. மேரிலாண்ட் போன்ற இடத்தில் படித்தால் இதையெல்லாம் உள்ளிருந்து பார்க்கலாம், எண் எங்கிருந்து பிறக்கிறது என்று கைக்குத் தெரியும். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய பயிற்சி இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. பணம் அரசிடமிருந்து வந்தால் அரசு நினைத்தபோது நிற்கும், 2018-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தத் தரவுத்தளத்துக்குத் தந்துகொண்டிருந்த நிதியை நிறுத்தியது, அப்புறம் அதைத் தொடர்ந்து நடத்துவதே பெரும்பாடாகிவிட்டது. நீங்கள் சேரப்போகும் திட்டத்துக்கு எந்த வருடம் வரை நிதி இருக்கிறது என்று கேட்காமல் போகாதீர்கள். இரண்டாவது, அங்கே படிப்பவர்கள் குறிவைக்கும் வேலைகளில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் பாதுகாப்பு, உளவு அமைப்புகளில் இருக்கிறது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. கூடப் படித்தவர்கள் எல்லாம் அங்கே போக, வெளிநாட்டு மாணவர் மட்டும் படிப்பு முடியும் நேரத்தில் வேறு திசையில் தேட வேண்டியிருக்கும்.

எண்களைப் பற்றிப் பேசும்போது சிகாகோவையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண்ணின் பட்டியலில் இல்லை என்றாலும். அங்கே பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேப் என்ற அரசியல் அறிவியலாளர் தற்கொலைத் தாக்குதல்களை மட்டும் தனியாகத் தொகுத்து, 1980 முதல் 2003 வரை 315 தாக்குதல்கள் என்று கணக்கிட்டு, அவற்றில் 76-ஐ விடுதலைப் புலிகள் நடத்தியவை என்று காட்டினார். மதம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய பதிலடி, அந்நிய ராணுவத்தை வெளியேற்றும் நோக்கம்தான் பொதுவான இழை என்பது அவர் வாதம். 2008-ல் வேறு சில அரசியல் அறிவியலாளர்கள் அதே ஆய்வை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: தற்கொலைத் தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, ஆக்கிரமிப்பு இருந்தும் நடக்காத இடங்களைப் பார்க்காமல், காரணம் இதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? நம்மைப் போன்ற தமிழ் வாசகர்களுக்கு அந்த 76 வெறும் எண் இல்லை, அதனால்தான் அந்தக் கேள்வியின் அருமையும் நமக்குக் கூடுதலாகப் புரிய வேண்டும். எந்த இடத்தில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே இந்தச் சண்டையைப் படித்துவிடுங்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைக்கேல் ஹோவர்ட் 1962-ல் உருவாக்கிய போரியல் துறை இருக்கிறது, தீவிரமயமாதல் பற்றிய சர்வதேச ஆய்வு மையம் 2008-ல் அதோடு வந்து சேர்ந்தது. சிரியாவுக்குப் போராடப் போன ஐரோப்பிய இளைஞர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளை நாள்தோறும் பின்தொடர்ந்து, அவர்களோடு நேரடியாகவே பேசி எழுதியதில் அந்த மையத்துக்குப் பெயர் கிடைத்தது. சான்று திரையில் இருக்கிறது, விசா வேண்டாம், மொழி தெரிந்தால் போதும், ஆகவே இளைய ஆய்வாளர்களுக்கு இது ரொம்பக் கவர்ச்சியான வழி. கிங்ஸைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வேன், ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் பிரிட்டிஷ் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே 2000-ம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 58-வது பிரிவு, பயங்கரவாதிக்குப் பயன்படக்கூடிய தகவலைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்கிறது. 2008 மே மாதம் நாட்டிங்காம் பல்கலைக்கழக முதுகலை மாணவர் ஒருவர், அமெரிக்க அரசுத் தளத்திலேயே கிடைத்த ஓர் அல்கொய்தா கையேட்டை ஆய்வுக்காக இறக்கி வைத்திருந்ததற்குக் கைது செய்யப்பட்டு, கிட்டத்தட்ட ஒரு வாரம் காவலில் இருந்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார், 2011-ல் காவல் துறை அவருக்கு 20,000 பவுண்ட் இழப்பீடு கொடுத்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது கல்விசார் ஆய்வு ஒரு நியாயமான காரணம் என்று எழுதிச் சேர்த்தார்கள், அதே திருத்தத்தில் இணையத்தில் வெறுமனே பார்ப்பதையும் குற்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி கைக்கு வரும் வரை ஒரு கோப்பைக்கூட இறக்காதீர்கள். நேரில் கேட்டுச் சரி என்று சொன்னார்கள் என்பதெல்லாம் போதாது.

இன்னொன்று, யாரும் சேர்க்கையின்போது பேசாத விஷயம். தலை வெட்டும் காணொளிகளையும் குண்டு வெடித்த இடத்துப் படங்களையும் தினமும் பார்ப்பது உடம்பைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு எட்டாவது மாதம் தூக்கம் போனது, வெள்ளை வண்டி எதுவும் நின்றிருந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். மேலாளரிடம் சொன்னபோது இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள் என்றார், அவ்வளவுதான். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, படத்தைக் கறுப்பு வெள்ளையில் சின்னதாக வைத்துப் பார்ப்பது, இரவில் பார்க்காமல் இருப்பது, வாரம் ஒரு முறை கூடி உட்கார்ந்து பேசுவது, இவ்வளவு எளிய ஏற்பாடுகள்கூட அங்கே இல்லை. இப்போது நல்ல இடங்களில் இவை விதியாகவே இருக்கின்றன. ஆகவே பார்த்துவைத்திருக்கும் நிறுவனத்தில் இதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

லைடன் பல்கலைக்கழகம் 1575-ல் தொடங்கியது, ஆனால் பாதுகாப்புப் படிப்பு நடப்பது லைடனில் இல்லை, ஹேக் வளாகத்தில். அங்கே 2007-ல் பயங்கரவாதம், பயங்கரவாத எதிர்ப்பு மையம் வந்தது. இன்று பாதுகாப்பு, உலக விவகாரங்களுக்கான நிறுவனமாகச் சட்டம், குற்றவியல், வரலாறு, நிர்வாகம் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிறது. ஒரு வருட முதுகலை, நெருக்கடி மற்றும் பாதுகாப்பு மேலாண்மை என்று பெயர், அதற்குள் தீவிரவாதம், பயங்கரவாதம் தனிப் பிரிவாக உண்டு. ஊர்தான் இதன் பலம். சர்வதேச நீதிமன்றங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், வழக்கு விசாரணை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்ட் எல்லாம் அதே ஊர், பயங்கரவாத எதிர்ப்புக்கான சர்வதேச மையம் 2010 முதல் அங்கேதான். லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005-ல் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த சிறப்புத் தீர்ப்பாயம் பக்கத்திலேயே லைட்சென்டாமில் 2009 முதல் நடந்தது. பயங்கரவாதத்தை ஒரு குற்றமாக விசாரித்த முதல் சர்வதேசத் தீர்ப்பாயம் அது. ஐ.நா.வில் இழுத்துக்கொண்டிருக்கும் அதே வரையறைக் கேள்விக்கு 2011-ல் அதன் மேல்முறையீட்டு அமர்வு, சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தில், அதாவது நாடுகளின் நடைமுறையால் உருவாகும் சட்டத்தில், ஏற்கெனவே ஒரு வரையறை உருவாகிவிட்டது என்று சொன்னபோது சட்ட அறிஞர்கள் பாதிப் பேர் கொதித்துப் போனார்கள். தீர்ப்பாயத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அப்படிப்பட்ட விவாதம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும் ஊரில் படிப்பது வேறு. ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், ஒரு வருடம் போதாது. வகுப்பு, தேர்வு, ஆய்வேடு என்று ஓடிவிடும், களத்துக்குப் போய்ப் பேட்டி எடுக்கிற ஆய்வுக்கு நேரமே இருக்காது, ஏற்கெனவே கேள்வியோடு வந்தவர்கள் மட்டும்தான் தப்பிப்பார்கள்.

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ராஜரத்தினம் சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1996-ல் ஒரு சின்ன ஆய்வு நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் இந்தப் பெயரோடு பள்ளியானது. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1915-ல் பிறந்து, பத்திரிகையாளராக வாழ்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான சின்னத்தம்பி ராஜரத்தினத்தின் பெயர் அது. வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பெருமை வந்ததை மறைக்க மாட்டேன், ஆனால் பெருமைக்காகச் சேர்ந்துவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் அரசியல் வன்முறை, பயங்கரவாத ஆய்வு மையம் தென்கிழக்கு ஆசியாவையும் தெற்காசியாவையும் முதன்மையாக வைத்துப் படிக்கிறது. ஐரோப்பாவில் நான்கு வகுப்பில் முடிந்துவிடும் ஜெமா இஸ்லாமியா, அபு சயாஃப் என்ற தென்கிழக்கு ஆசிய ஆயுத இயக்கங்கள் அங்கே முழுப் பாடம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் ஜெமா இஸ்லாமியா ஆட்களைப் பிடித்தது, 2003 முதல் மார்க்க அறிஞர்கள் தன்னார்வமாகக் காவலில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி அவர்களின் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக விவாதிக்கும் மறுவாழ்வுக் குழு இயங்குகிறது. வன்முறையை விட்டு வெளியே வருவது எப்படி என்று ஆராய விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு அருகில் இருந்து பார்க்கும் இடம் கிடைப்பது அரிது. வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் ஒரு ராணுவ அதிகாரியாகவோ தூதரக ஊழியராகவோ இருக்கலாம், அவர்களிடமிருந்து கற்பது பாடத்தைவிட அதிகம். ஆனால் அந்தக் காவல் விசாரணையில்லாத காவல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வைப்பது. பேட்டி கொடுப்பவர் விடுதலை ஆவதற்கு நல்ல பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறார் என்றால் அந்தப் பதிலை எவ்வளவு நம்புவது என்ற கேள்வியை ஆய்வேட்டில் நேராக எழுத வேண்டும், எழுத விடுவார்களா என்று மேற்பார்வையாளரிடம் முன்பே பேசிவிட வேண்டும்.

இந்த ஐந்துமே ஏதோ ஒரு வகையில் அரசின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடக்கின்றன. அது பிடிக்காதவர்கள் விமர்சனப் பயங்கரவாத ஆய்வு என்ற போக்கைப் பாருங்கள், வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உருவாகி, ரிச்சர்ட் ஜாக்சன் மூலம் நியூசிலாந்தின் ஒட்டாகோ வரை போனது. அரசின் வன்முறையை ஏன் எண்ணுவதில்லை என்று விடாமல் கேட்பவர்கள். அந்தக் கேள்வி தேவை, ஆனால் அங்கே படித்துவிட்டுப் பாதுகாப்புத் துறை வேலை தேடினால் கஷ்டம், இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பேட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் எந்த இடமானாலும் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி கதையை மறக்காதீர்கள். 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், நீங்கள் சாகும் வரை வெளியிட மாட்டோம் என்று உறுதி கொடுத்து வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் பழைய கொலைகளைப் பற்றிக்கூட மனம்விட்டுப் பேசினார்கள். 2011-ல் பிரிட்டிஷ் காவல் துறைக்காக நீதிமன்ற ஆணை வந்தது, நாடாக்கள் கைமாறின, 2014-ல் கைதுகள் நடந்தன. சட்டத்தின் முன் நிற்காத வாக்குறுதியை ஆய்வாளர் கொடுத்துவிட்டார், விலை கொடுத்தவர் பேசியவர். நம் துறையில் இதைவிட வருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் பத்து நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள், இந்த முறை கேள்வி இருந்தது: இயக்கத்தை விட்டு வந்தவர்களில் சிலர் ஏன் திரும்பிப் போவதில்லை, குடும்பம் அதில் என்ன செய்கிறது. உடனே பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது. மேரிலாண்ட் போனது, கிங்ஸ் போனது, செயின்ட் ஆண்ட்ரூஸ் பாதி போனது. மிஞ்சியது ஹேக்கும் சிங்கப்பூரும். நான் ஹேக் என்றேன், அரசுக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் தயங்காமல் எழுதலாம் என்பதற்காக. அவள் சிங்கப்பூர் என்றாள், மறுவாழ்வுக் குழுவின் ஆலோசகர்களையும் குடும்பங்களையும் நேரில் பார்க்கலாம் என்பதற்காக. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதம் எழுதச் சொன்னேன், இரண்டே கேள்வி: இந்த விஷயத்தில் என்னை மேற்பார்வை செய்யப்போவது யார், கடந்த மூன்று வருடத்தில் முன்னாள் உறுப்பினர்களையோ குடும்பத்தினரையோ பேட்டி எடுக்க எந்த முதுகலை மாணவருக்காவது அறநெறிக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா, கொடுத்ததென்றால் எத்தனை வாரம் ஆனது.

ஓரிடத்திலிருந்து விளக்கக் கையேட்டின் இணைப்பு மட்டும் வந்தது. இன்னோரிடத்திலிருந்து மூன்றாம் நாளே நீளமான பதில் வந்தது, பதினான்கு வாரம் ஆகும் என்று சொல்லி, குடும்பத்தினரைப் பேட்டி எடுப்பதைவிட ஆலோசகர்களிடம் தொடங்கினால் அனுமதி சுலபம் என்று வழியும் காட்டியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இப்போது கேள்வியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.